உன் முதுகு சுமந்த என் குற்றம்

அருளுக்கு,

நேற்று மத்தியானம் உன் கட்டிலருகே நின்று நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "அப்பா அன்னிக்கு எனக்கும்தான் போன் பண்ணாரு, அருளு." சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நீ மெல்லத் திரும்பினாய். "இன்னா சொன்ன?" என்றாய். நான் மறுபடியும் சொன்னேன். ஸ்டூலின் மேல் இருந்த கஞ்சித் தம்ளரை நீ தட்டிவிட்டாய். "வெளிய போ. வெளிய போம்மா" என்று நீ கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாந்தி சிஸ்டர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இதே ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷமாக நர்ஸாக இருந்து எத்தனையோ தாய்மார்களை, "நோயாளியைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். நேற்று என்னை அனுப்பினார்கள். அது சரிதான்.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடியவில்லை. மிச்சத்தை நேரில் சொல்ல நீ விடமாட்டாய். விட்டாலும் எனக்கு வாய் வராது என்பதை இந்த இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன். சாந்தி இதை உன்னிடம் கொடுப்பாள். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. டிஸ்சார்ஜ் ஆனதும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தத் தவ இல்லத்துக்கே திரும்பப் போகப் போவதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். போவதற்கு முன்னால், எதற்காக அங்கே போய் உன் முதுகைக் கிழித்துக்கொண்டாயோ அந்தப் பாவம் யாருடையது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அப்பாவை நான் முதன்முதலில் பார்த்தது காயம் கட்டுகிற இடத்தில்தான். தறிக்குழியில் கால் தவறி விழுந்து முழங்கால் கிழிந்து வந்திருந்தார். நெற்றியில் மூன்று விரல் விபூதி. தையல் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். அவரோ, "அய்யோ வலிக்குது சிஸ்டரம்மா, கொஞ்சம் மெதுவாதான் குத்தேன்" என்று ஊரைக் கூட்டினார். பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பட்டு நெய்து கொடுக்கும் குடும்பத்து ஏகாம்பரம், சிலுவைச் சங்கிலி போட்ட நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு அந்தத் தெருவே ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. உன் சித்தப்பா மாணிக்கம் மட்டும் பேசினார். நீ பிறந்தபோது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அப்பாதான் உனக்கு அருள் என்று பெயர் வைத்தார். "புள்ளைய உன் கோயிலுக்கே கூட்டிக்கினு போ. எனக்கு ஒண்ணும் இல்ல. சிரிச்சிக்கினு வளந்தா சரி" என்றார். கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூட நான் செய்யவில்லை.

உனக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. எட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாய். ஒன்பதாம் நாள் நான் மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு நேர்ச்சை செய்தேன். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் உள்ளவரை தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றுவிடாமல், கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலாலேயே நடப்பேன் என்று. நீ கண் திறந்தாய். அந்த எட்டு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உனக்கு ஊசி மருந்து ஏற்றியது இந்தக் கைகள்தான். எந்த மருந்து எந்தக் கிருமியைக் கொன்றது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னைக் காப்பாற்றியது என் முழங்கால் என்றுதான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தினேனா? வருஷா வருஷம் தோல் உரிந்த முட்டிக்கு மஞ்சள் போட்டுக்கொண்டே உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாரு, உனக்காக அம்மா எவ்ளோ வலி தாங்குறேன்" என்று காட்டினேன். நீ குனிந்து ஊதுவாய். ஒரு குழந்தைக்கு அன்பு என்றால் என்னவென்று நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. யாரையாவது நேசித்தால் தோல் உரிய வேண்டும். உரியாவிட்டால் அது நேசம் இல்லை.

உன் அப்பா இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டி மேல் உட்கார்ந்திருப்பார். நொண்டிக்கொண்டு வரும் என்னைப் பார்த்ததும், "இன்னாத்துக்கு சிஸ்டரம்மா இது? சாமி உன் முட்டியக் கேட்டுச்சா?" என்பார். நான் கோபப்படுவேன். ஒரு ஆடி மாதம் மாணிக்கம் சித்தப்பா அம்மன் கோயிலில் அலகு குத்திக்கொண்டு வந்து கன்னம் வீங்கிக் கிடந்தார், ஞாபகம் இருக்கிறதா? நான்தான் மருந்து போட்டேன். "ரத்தம் கேக்குற சாமியெல்லாம் ஒரு சாமியா மாணிக்கம்?" என்று வேறு சொன்னேன். உன் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "அவன் வருசத்துக்கு ஒரு நாள் குத்திக்கிறான், மறுநாள் கறி தின்னுட்டு மறந்துடறான். நீதான் மறக்கவே மாட்டேங்கிற" என்றார். அன்றைக்கு அது எனக்குக் கேலியாகப் பட்டது.

அப்புறம் அந்த உப்பு. உனக்கு ஒன்பது வயது. மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று ஞாயிறு கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய். பொய் சொன்னதற்காக, பூஜை மாடத்துக்கு முன்னால் ஒரு முறத்தில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் உன்னை முட்டி போட வைத்தேன். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்றேன். பக்கத்தில் நானும் வெறுந்தரையில் முட்டி போட்டேன். அதனால் அது தண்டனை இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் பரிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூல் வாங்கப் போயிருந்த அப்பா திரும்பி வந்து பார்த்தார். உன்னை அப்படியே தூக்கினார். உன் முட்டியில் உப்புக்கல் பதிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நீ அவர் தோளில் இருந்தபடி அழுதுகொண்டே சொன்னாய்: "விடுப்பா, இன்னும் பத்து மணி பாக்கி இருக்குதுப்பா."

அதைக் கேட்டு அப்பா அழுதார். நான் பெருமைப்பட்டேன். அருள், ஒன்பது வயதுக் குழந்தை தன் வலி பாதியில் நின்றுவிட்டதே என்று அழுகிறது. அதைப் பார்த்து, என் மகனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று பூரித்த தாய் நான். அப்பா உன் முட்டியைக் கழுவித் துடைத்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "புள்ள மனசுல இன்னாத்த விதைக்கிறன்னு உனக்கே தெரியலம்மே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இனிமேல் சொல்ல வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை. உனக்குத் தெரிந்தது மத்தியானத்திலிருந்துதான். அது காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. நீ குளித்துவிட்டுப் பட்டுக்கடை வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அப்பா தறியில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு ஒரு மாரி இழுக்குது. எடது கை கனமா இருக்குது" என்றார். வேர்த்திருந்தது. பங்குனி வெயில் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன். வார்டுக்கு ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் வந்து இதே மூன்றையும் சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். ஸ்ட்ரெச்சருக்குக்கூடக் காத்திருக்காமல் கையைப் பிடித்து இ.சி.ஜி. அறைக்கு இழுத்துப் போயிருப்பேன். என் புருஷனிடம் சொன்னது இது: "குனிஞ்சே உக்காந்துக்கினு இருந்தா வாயு புடிக்காதா? ஒரு மாத்திர போட்டுப் படு. சாயங்காலம் வந்து பாக்குறேன்." ஏனென்றால் அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இருபது வருஷத்தில் ஒரு வெள்ளிகூட நான் விட்டதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாளு போவாத இரேன்" என்றார். அருள், அவர் கேட்டார். வாய் திறந்து கேட்டார். "நேர்ச்சைய முறிக்கச் சொல்றியா? புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு நான் ஆட்டோ ஏறிப் போனேன்.

கோயில் வாசலில் போனை அணைத்துப் பையில் போட்டேன். காலை ஜெபத்திலிருந்து மத்தியானச் சிலுவைப்பாதை முடியும் வரை எடுக்கவில்லை. அன்று முழங்காலில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. வீட்டில் முடியாமல் இருக்கும் அவருக்காக என்று அதையும் ஒப்புக்கொடுத்தேன். நான்கரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் தறிமேல் கவிழ்ந்து கிடந்தார். மாம்பழ நிறப் பாவு நூலின்மேல் முகம். தொட்டதும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போன். எடுத்துப் பார்த்தேன். முதலில் எனக்கு இரண்டு முறை. அப்புறம் உனக்கு மூன்று முறை. கத்தவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. அவர் உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பெயர் இருந்த அந்த இரண்டு அழைப்புகளையும் அழித்தேன். உன் பெயர் இருந்த மூன்றையும் விட்டுவைத்தேன்.

ஏன் அழித்தேன் என்று இரண்டு வருஷமாக என்னையே கேட்கிறேன். உன்மேல் போட வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் சேதி கேட்டு நீ ஓடி வந்தாய். "கஸ்டமர் இருந்தாங்கம்மா. கல்யாண பார்ட்டி. டிசைன் காட்டிக்கினு இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு கட் பண்ணிட்டேன். மூணு தடவ கூப்ட்டாரும்மா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உறவெல்லாம் சுற்றி நின்றது. நான் சொன்னேன், உனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கும்: "நீ எடுத்திருந்தா உங்கப்பா பொழச்சிருப்பாரு." நர்ஸ் சொன்ன வார்த்தை. யாரும் மறுத்துப் பேசவில்லை. உன் அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் இன்றுவரை நீ அழுது நான் பார்க்கவில்லை.

நீ பங்குச்சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்தாய். பார்க்கவே பயமாக இருந்த சிரிப்பு. "சாமியாரு பரிகாரமா ஒரே ஒரு வேலதான் குடுத்தாரும்மா. வீட்டுக்குப் போயி அம்மாகூட உக்காந்து சாப்புடுன்னாரு. அவ்ளோதானாம். ஒரு மனுசனக் கொன்னதுக்கு." நான் உனக்கு ரசம் ஊற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பெரியவர் சரியான மருந்துதான் கொடுத்தார். ஆனால் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் பொய்க்காரி. அப்படியிருக்க அது எப்படி வேலை செய்யும்?

பிறகு போனில் ஏதோ ஜெபக் குழு, அதிலிருந்து அந்தத் தவ இல்லம். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணீர் விரதம். அப்புறம் பாயை உதறிவிட்டு சிமெண்டுத் தரையில் படுக்கை. அப்புறம் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மரச்சிலுவை தூக்கினாய். கோயிலில் பெண்கள், "உங்க பையன் புனிதர் மாதிரி" என்றார்கள். நான் தலையாட்டினேன். ஒரு நாள் உன் துணியை மடித்து அலமாரியில் வைக்கும்போது அந்தக் கயிறு கிடைத்தது. இயேசுவின் ஐந்து காயத்துக்கு ஐந்து முடிச்சு. முடிச்சுகள் காய்ந்து கறுத்திருந்தன. எனக்குத் தெரியாதா அது என்ன கறை என்று? தாய் என்றால் அதை எடுத்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். நான் அதை இருந்த மாதிரியே சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் அதற்குத் தண்டனை அனுபவிக்கிறார்கள் என்ற நிம்மதி. நான் செய்ததற்கு நீ அடி வாங்கினாய். அடித்த கையும் உன் கை. நான் பக்கத்து அறையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தவக்காலம் ஆரம்பித்ததும் நீ அந்த இல்லத்திலேயே தங்கிவிட்டாய். போன வியாழக்கிழமை காலை அங்கிருந்து போன் வந்தது. "உங்க பையனுக்கு அஞ்சு நாளா ஜுரம். ஆஸ்பத்திரி வேணாங்கிறாரு. நீங்க வந்து பேசிப் பாருங்க." மாணிக்கம் சித்தப்பா வேன் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. நீ தரையில் கிடந்தாய். அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அந்த வாடை வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷமாக எனக்குப் பழக்கமான வாடை. வேட்டியை விலக்கினேன். தொடையில் உள்பக்கம் முள் வைத்த கம்பிச் சங்கிலி. அதைச் சுற்றிச் சதை வீங்கி, சங்கிலி பாதி உள்ளே போய்விட்டிருந்தது. "அவரு சம்மதத்தோடதாம்மா போட்டுக்கினாரு. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறது இல்ல" என்றார் அங்கிருந்த பிரதர். சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்தார். நான் தடுத்தேன். அவரை அடிக்க எனக்கு என்ன தகுதி? அவர் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். அந்தச் சங்கிலியை உனக்குப் போட்டுவிட்டது கல்லுப்பைப் பரப்பிய கை.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு கையளவு சதையை வெட்டி எடுத்தார்கள். மூன்று நாள் ஐ.சி.யு. அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமை. நான் கோயிலுக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கதவுக்கு வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கண் திறந்தாய். நேர்ச்சையை விட்டதால்தான் திறந்தாய் என்று ஒரு வினாடி எனக்குத் தோன்றியது பார், அதுதான் நோய். அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. மருந்து கேட்டது, உன் வயசு தாங்கியது, டாக்டர் நேரத்துக்கு வெட்டினார். கடவுள் இதில் எங்கே இருந்தார் என்று கேட்டால், அந்த டாக்டரின் கைக்குப் பக்கத்தில் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் இல்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு நீ வலி மாத்திரை வேண்டாம் என்றுவிட்டாய். டிரெஸ்ஸிங் மாற்றும்போது மரக்கட்டை மாதிரி கிடக்கிறாய் என்று சாந்தி சொன்னாள். "அவ்ளோ பெரிய புண்ணு அக்கா. சத்தமே போட மாட்டேங்கிறான். எனக்கே பயமா இருக்குது" என்றாள். அதைக் கேட்டுத்தான் நேற்று உள்ளே வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

நீ துரத்திய பிறகு நான் சித்தப்பாவிடம் போனேன். அவர் கீழே டீக்கடையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் அப்பா நெஞ்சு வலி என்று சொன்னது, போகாதே என்று கேட்டது, நான் போனது, அழித்தது, உன்மேல் போட்டது. அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன், பழக்கம் போகுமா? அவர் கடைசியில் சொன்னார்: "எங்கண்ணன் போயிட்டாரு அண்ணி. அவரு மன்னிச்சிருப்பாரு, அது எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா அந்தப் புள்ள முதுவுல அடி வாங்கிக்கினு இருந்துச்சே, அது எனக்குத் தெரியாது. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? போயி அவங்கிட்ட சொல்லு." எழுந்து போய்விட்டார். அப்புறம் உனக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். என்னோடு இன்னும் பேசவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் புண்களைப் பற்றி எனக்குத் தெரியும், அதை மட்டும் கேட்டுக்கொள். தீப்பட்டவர்கள், வெட்டுப்பட்டவர்கள், சர்க்கரையில் கால் அழுகியவர்கள் என்று எத்தனையோ பேரைத் துடைத்துக் கட்டியிருக்கிறேன். வலியால் நல்லவரான ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. வலி மனிதனைச் சின்னவனாக்கும். உலகத்தில் தன் புண்ணைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணுக்குத் தெரியாது. வலி இறங்கிய பிறகுதான் பக்கத்துக் கட்டில்காரன் சாப்பிட்டானா என்று கேட்பான். நான் முட்டி தேய நடந்த இருபது வருஷமும் எனக்குத் தெரிந்தது என் முட்டி மட்டும்தான். இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிய மனிதர் தெரிந்திருப்பார். இயேசு தொட்டவர்கள் எல்லாரும் புண் ஆறி, வலி தீர்ந்து எழுந்து போனார்கள். ஒருவரிடமாவது, இந்தக் காயம் உனக்கு நல்லது, வைத்துக்கொள் என்று அவர் சொன்னதாக நான் படித்ததில்லை. இவ்வளவு வயசுக்கு அப்புறம், இவ்வளவையும் நாசமாக்கிவிட்டு, நேற்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

நீ போனை எடுக்காதது பாவம் இல்லை. வேலையில் இருக்கும் எல்லாரும் செய்வது. நீ எடுத்திருந்தாலும் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிந்திருக்கும். காலையில் அவரை நான் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. இதை நர்ஸாகத்தான் எழுதுகிறேன். இதற்காக நானும் ஒரு முடிச்சுக் கயிறு எடுத்து அடித்துக்கொள்ளப் போவதில்லை, பயப்படாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, அன்று எந்த இடத்தில் உன்னைக் குற்றம் சொன்னேனோ அதே இடத்தில் நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை எப்படி வைத்தாலும் சரி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பதும் உனக்கு இன்னொரு தவமாகிவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்துவிடுவாய். எனக்கு வேண்டியது உன் கோபம். இரண்டு வருஷமாக உன்மேலேயே கொட்டிக்கொண்டாயே, அதை என்னிடம் கொடு. என்னைக் கேள் மகனே, எப்படிம்மா செஞ்ச என்று கேள்.

இதை இங்கே முடித்து மடிக்கலாம் என்று எழுந்தேன். மணி பத்து. டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு சாந்தி உள்ளே போனாள். நான் திரைக்கு வெளியே நின்றேன். பழைய துணியை ஈரமாக்கிப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் உன் குரல். "அய்யோ... வலிக்குதுக்கா. மெதுவாக்கா." அவள் ஏதோ சொன்னாள். நீ மறுபடியும், இன்னும் சத்தமாக, "வலிக்குதுக்கா, தாங்க முடியல" என்றாய். பிறகு அழுதாய். தேம்பித் தேம்பி, மூக்கை உறிஞ்சி அழுதாய். நான் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலக்கவில்லை. நீ என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் உள்ளே வர எனக்கு உரிமை இல்லை.

வெளியே வந்த சாந்தி, "வலிக்கு ஊசி போடச் சொல்லிட்டான்கா" என்றாள்.

இந்தத் தாளை அவள் கையில் கொடுக்கிறேன். நான் மாடிப்படிக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் இருப்பேன். உன் கட்டிலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு.

அம்மா